சுவரொட்டியில் கிடைத்த வேலை

அச்சியாவுக்கு வேலை கிடைத்த செய்தி அவளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அதுவும் ஒரு மின்கம்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

கானா நாட்டின் குமாசி நகரில் பேருந்து நிலையத்துக்குப் போகிற சாலைத் திருப்பத்தில், பெரிய குடை ஒன்றின் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள் அவள். கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்து கொடுப்பது, கைப்பேசியில் வரும் பணத்தைக் கையில் எண்ணிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. அந்தச் சாலை நெடுக இப்படிக் குடைகள். குடைக்கு ஒரு பட்டதாரி. பக்கத்துக் குடைக்காரன் வேதியியல் படித்தவன். எதிர்ச்சாரியில் இருப்பவள் நிலவியல். ஒரு பல்கலைக்கழகம் நடத்துவதற்கு வேண்டிய ஆட்கள் அந்தத் திருப்பத்திலேயே இருந்தார்கள், கட்டடம்தான் பாக்கி. அச்சியா புள்ளியியலில் எம்.ஃபில். அந்த வரிசையில் அவள் படிப்புதான் பெரிய படிப்பு, ஆனால் அவள் குடையில்தான் ஓட்டை அதிகம்.

அவள் ஆராய்ச்சி செய்த தலைப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். இந்த நாட்டுப் பட்டதாரிக்கு வேலை கிடைக்கச் சராசரியாக எத்தனை காலம் ஆகிறது என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து எழுதினாள். பேராசிரியர்கள் மெச்சினார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அச்சியா இந்நேரம் வேலை கிடைத்து, பதவி உயர்வும் வாங்கி, மேலதிகாரியைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும். கணக்கு தப்பில்லை. சராசரி என்றால் சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே. அவள் பின்னே.

அவள் ஏறாத படி இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில், "எம்.ஃபில். படிச்சவங்க இங்க எதுக்கும்மா? நாலு மாசத்துல ஓடிடுவீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சரி, படிப்பை மறைப்போம் என்று அடுத்த இடத்தில் எம்.ஃபில்லை எடுத்துவிட்டுப் பயோடேட்டா கொடுத்தாள். "நடுவுல ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?" என்றார்கள். படித்தேன் என்றால் அதிகப்படி, சும்மா இருந்தேன் என்றால் சோம்பேறி. அரசாங்கமோ கஜானா காலி என்று ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டிருந்தது. எங்கள் பணமான சிடியின் மதிப்பு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்பார்கள். கழுதை மேய்க்கவும் ஐந்து வருட முன் அனுபவம் கேட்கிற காலம் இது.

இப்படி இருக்கையில்தான் ஒரு கோகோ கொள்முதல் கம்பெனியில் கதவு கொஞ்சம் திறந்தது. எந்த மாவட்டத்தில் எவ்வளவு விளைச்சல் வரும் என்று கணித்துச் சொல்கிற வேலை. அவள் படிப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. முதல் இன்டர்வியூ முடிந்து, இரண்டாவதும் முடிந்தது. கடைசியில் அவளும் இன்னொருவனும் மிஞ்சினார்கள். டைரக்டர் பெடியாக்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாரம் திங்கட்கிழமை காலையில ரெண்டு பேர்ல ஒருத்தரைக் கூப்பிடுவேன். யாருன்னு நான் இன்னும் முடிவு பண்ணலை" என்றார். அச்சியா வெளியே வந்து, நடுச்சாலையில் நின்று கடவுளைக் கும்பிட்டாள். ஷேர் டாக்ஸிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டினான். அந்தத் திட்டுகூட அன்று இனித்தது.

மறுநாள் காலை குடையை விரிக்க வந்தபோது மின்கம்பத்தில் புதிதாக ஒரு சுவரொட்டி. பசை இன்னும் காயவில்லை. கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார் அவளுடைய தாய்மாமன் ஒடூரோ.

மாமா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. பிணவறையில் இருக்கிறார். எங்கள் பக்கம் ஒரு மனிதனைச் சரியாக அனுப்பிவைப்பதென்றால் சும்மாவா? பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, எல்லாருக்கும் கறுப்பும் சிவப்புமாகத் துணி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விடுமுறை, இத்தனையும் கூடிவர வேண்டும். வருகிற சனிக்கிழமை சொந்த ஊரான எஃபிடுவாசேயில் அடக்கம் என்று சுவரொட்டி சொன்னது. "எடை தவறாத எடைக்காரர்" என்றும் சொன்னது. மாமா ஆயுசு முழுக்கக் கோகோ மூட்டைகளை எடை போட்டவர். அவரிடம் மூட்டை போட்ட விவசாயிகள் அந்த வரியைப் படித்துவிட்டுக் கனைத்துக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை, செத்தவரைப் பற்றி என்ன பேச்சு.

அச்சியா கீழே இருந்த பெயர் வரிசையைப் படித்துக்கொண்டே வந்தாள். பிள்ளைகள்: லிடியா, நர்ஸ், லண்டன். பெஞ்சமின், இன்ஜினியர், ஹாம்பர்க். மருமக்கள்: செவாவின் மகள் அச்சியா, முதுநிலை மேலாளர், வங்கி, அக்ரா.

மூன்று தடவை படித்தாள். பக்கத்துக் குடைக்காரன் எழுந்து வந்து அவள் படிக்கிற வரியை எட்டிப் படித்தான்.

"மேனேஜர் மேடம், எங்க வேதியியலுக்கு உங்க பேங்க்ல ஏதாவது பாத்துப் போடுங்க."

"வாயை மூடுடா."

"மூடிட்டேன் மேடம். சம்பளம் போட்டாத் திறக்கறேன்."

அன்றைக்குக் குடையை விரிக்காமலே சந்தைக்கு ஓடினாள். அவளுடைய அம்மா செவா அங்கே கருவாடு விற்கிறாள். அந்த வரிசையில் செவாவின் குரல்தான் உரத்தது, கருவாட்டு வாசனையையும் தாண்டி வரும். மகளைக் கண்டதும் அந்தக் குரல் இறங்கிவிட்டது. அதிலேயே அச்சியாவுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அம்மா, நான் எப்போம்மா மேனேஜர் ஆனேன்?"

செவா ஒரு கருவாட்டை எடுத்து அந்தக் கூடையில் போட்டாள், அதையே எடுத்து இந்தக் கூடையில் போட்டாள்.

"மாமா படுக்கையில கிடந்தப்போ தினமும் ஒரே கேள்விடி. 'செவா, பொண்ணுக்கு வேலை கிடைச்சுதா? செவா, பொண்ணுக்கு வேலை கிடைச்சுதா?' உன்னை எம்.ஃபில். படிக்க வெச்ச மனுஷன். சாகப்போற ஆளுகிட்ட எத்தனை நாள் இல்லை இல்லைன்னு சொல்றது? ஒரு நாள் வாய் தவறி, கிடைச்சிடுச்சு அண்ணே, அக்ராவுல பேங்க்லன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு ஒரு கிண்ணம் கஞ்சி முழுசாக் குடிச்சாரு. வர்றவன் போறவன்கிட்டெல்லாம் சொன்னாரு."

"பேங்க்ல வேலைதானே சொன்னே? முதுநிலை மேலாளர் எங்கிருந்து வந்துச்சு?"

"அது நான் இல்லை, தாச்சி."

தாச்சி குலத்தின் தலைவர். சுவரொட்டிக்கு வாசகம் சொன்னது அவர்தான். எங்களுக்குக் குலம் தாய்வழி. செத்தவர் பெற்ற பிள்ளைகள் அவர்கள் அம்மாவின் குலம், அடக்கம் செய்ய வேண்டியது உடன்பிறந்தாள் வீட்டார். அச்சகத்தில் உட்கார்ந்துகொண்டு தாச்சி கணக்குப் போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் லண்டன், ஹாம்பர்க். நம் பக்கம் ஒரு தச்சன், ஒரு டயர் ஒட்டுகிறவன், ஒரு கருவாட்டுக்காரி. "பேங்க்ல வேலைன்னா கூட்டிப் பெருக்குறதும் பேங்க் வேலைதான். மேலாளர்னு போடு. முதுநிலைன்னு சேர்த்துக்கோ. பேங்க் பேரைப் போடாதே, போய் விசாரிப்பானுங்க" என்று சொல்லி எழுதவைத்திருக்கிறார்.

"மாத்தச் சொல்லும்மா."

"ஊர் முழுக்க ஒட்டியாச்சுடி." செவா மகளின் கையைப் பிடித்தாள். கை முழுக்க உப்பு. "சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. அடக்கம் முடியட்டும், ஒரு மழை பேஞ்சா போஸ்டர் தானா கிழிஞ்சிடும். அதுவரைக்கும் அந்தக் குடையை மடக்கி வை. எனக்காக. இந்தச் சந்தையில எல்லாரும் பிள்ளைங்களைப் பத்திப் பேசறப்போ நான் கருவாட்டைப் பத்தியே பேசிட்டிருக்கேன். ஒரே ஒரு நாள் தலை நிமிர்ந்து உக்காந்துக்கறேன்."

இதற்கு மேல் என்ன சொல்வாள் மகள்? குடையை மடக்கினாள். சுவரொட்டியில் கிடைத்த வேலைக்காகக் கையில் இருந்த வேலையை விட்டாள். இதைத்தான் உள்ளதும் போச்சு என்பது.

சனிக்கிழமை விடிந்தது. எஃபிடுவாசேயில் பந்தலுக்குக் கீழே ஊரே கறுப்பும் சிவப்புமாக உட்கார்ந்திருந்தது. மாமா வெள்ளைச் சரிகைத் துணிகளுக்கு நடுவே, உயிரோடிருந்தபோது ஒருநாளும் இல்லாத அமைதியோடு படுத்திருந்தார். செவா இறந்தவரின் தங்கை என்பதால் முன்வரிசையில். மேலாளர் என்பதால் அச்சியாவுக்கும் முன்வரிசை. டயர் ஒட்டுகிற அண்ணன் பின்னாலிருந்து, "அங்க மெத்தை நாற்காலியாமே, எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், காலை வெயில் ஏறுவதற்குள் அவள் கைப்பை நிறைந்துவிட்டது. டுயே, அதாவது ஐயோ பாவம், என்று துக்கம் சொல்ல வந்தவர்கள் ஒரு கையால் அவள் கையைப் பிடித்தார்கள், மறு கையால் ஒரு பயோடேட்டாவைத் திணித்தார்கள். "டுயே, டுயே, மாமா போயிட்டாரே... இது என் மகன், கணக்குப் பதிவியல் படிச்சிருக்கான்." "மனசைத் தேத்திக்கோம்மா... என் மருமக, கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரி." அழுகைக்கும் சிபாரிசுக்கும் நடுவே மூச்சு விடுகிற இடம்கூட இல்லை.

அச்சியா உண்மையைச் சொல்லிப் பார்த்தாள்.

"அத்தை, எனக்கு வேலையே இல்லை. அது தப்பாப் போட்டுட்டாங்க."

அந்த அத்தை உதட்டைப் பிதுக்கினாள். "தெரியும்டியம்மா. பெரிய ஆளானா எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. லண்டன்ல இருந்து வர்றவன்கூட 'அங்க ஒண்ணும் இல்லை அத்தை, குளிர்தான்'ங்கறான். நாங்க ஒண்ணும் கழுத்தைப் பிடிக்கலை, முடிஞ்சாச் செய்."

அதுதான் எங்கள் ஊர் வழக்கம். அடக்க வீட்டில் வேலை உள்ளவன் இல்லை என்பான், இல்லாதவன் உண்டு என்பான். யார் இல்லை என்று அடித்துச் சொல்கிறானோ, அவனிடம்தான் இருக்கிறது என்று அர்த்தம். அச்சியா மறுக்க மறுக்க அவள் பதவி ஏறிக்கொண்டே போனது. பத்து மணிக்குள் அவளை எல்லாக் கிளைகளையும் பார்த்துக்கொள்கிறவள் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. தோளில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு இறங்கியவர் பெடியாக்கோ. கோகோ கம்பெனி டைரக்டர். அந்தக் காலத்தில் அவர் சின்ன குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தது ஒடூரோ மாமாவின் எடைமேடையில்தானாம். அச்சியாவுக்கு இது தெரியாது.

வந்தவர்கள் வரிசையாக நடந்து, வலமிருந்து இடமாக, உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டே போவது முறை. நின்று பேச முடியாது, பின்னால் இருப்பவன் முட்டுவான். பெடியாக்கோ தாச்சிக்குக் கை கொடுத்தார், செவாவுக்குக் கொடுத்தார், அச்சியாவிடம் வந்ததும் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அட, நீ ஒடூரோ அண்ணனோட மருமகளா! வாசல்ல போஸ்டர் பாத்தேன். பேங்க்ல இடம் கிடைச்சிடுச்சாமே? ரொம்ப சந்தோஷம்மா. ராத்திரியெல்லாம் யோசிச்சிட்டிருந்தேன், உனக்குக் கொடுக்கறதா அந்தப் பையனுக்கான்னு. உண்மையைச் சொன்னா உன் பக்கம்தான் சாய்ஞ்சிருந்தேன். நல்லவேளை, ஒரு பாரம் இறங்குச்சு. திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டுடறேன்."

"சார், இல்லை சார். எனக்குப் பேங்க்ல வேலை இல்லை. அது..."

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், அன்பாகத்தான் சிரித்தார்.

"அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்னு பாக்கறியா? ரெண்டு தோணியில கால் வைக்காதேம்மா. இந்தக் காலத்துல ஒரு வேலை கிடைச்சாப் பெரிசு, இன்னொண்ணை இல்லாதவனுக்கு விட்டுடு."

பின்னால் இருந்தவர் முட்டினார். பெடியாக்கோ நகர்ந்துவிட்டார்.

எத்தனை வருஷமாகத் தனக்குத் தகுதி இருக்கிறது என்று நிரூபிக்கக் காகிதம் சேர்த்தவள் அச்சியா. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் நகல். வேலை இல்லை என்று நிரூபிக்க எந்த அலுவலகத்தில் போய் எந்தக் காகிதத்தை வாங்குவது? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்க வீடாக இருந்ததால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை, பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

எழுந்து நேராகத் தாச்சியிடம் போனாள்.

"பெரிய மாமா, நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. போஸ்டர்ல போட்டது தப்புன்னு ஒரு வார்த்தை. என் வேலை போகுது."

தாச்சி குரலைத் தாழ்த்தினார். "தப்பா? நான் எப்படிம்மா தப்புன்னு சொல்றது? உன் பேர் தப்புன்னா அதுக்குக் கீழ இருக்கற பேரும் தப்பான்னு கேப்பான். தச்சனைக் கட்டட ஒப்பந்ததாரர்னு போட்டிருக்கேன். அப்புறம் 'எடை தவறாத எடைக்காரர்' வரைக்கும் போவான். ஒரு நூலை உருவினா துணியே பிரிஞ்சுபோகும். செத்தவரு மானம், குலத்து மானம், எல்லாத்தையும் ஒரு வேலைக்காக விக்கச் சொல்றியா?"

"இருக்கற மானத்தை வித்தா விலை போகும் மாமா. இது போஸ்டர்ல ஒட்டினது."

"பெரிய படிப்பு படிச்சா வாய் நீளுது பாரு" என்றார் தாச்சி, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அச்சியா திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செவா அன்று நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். புதுத் துணி, தலையில் சிவப்புக் கட்டு. கருவாட்டு வரிசைத் தோழிகள் எல்லாரும் வண்டி பிடித்து வந்து எதிர்ப் பந்தலில் உட்கார்ந்து, அவளையும் அவள் மேலாளர் மகளையும் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் அச்சியாவுக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் செவாவே கேட்டுவிட்டாள்.

"அந்தக் கண்ணாடிக்காரர் என்னடி சொன்னாரு?"

"அவர்தாம்மா கோகோ கம்பெனி டைரக்டர். எனக்குத்தான் கொடுக்கறதா இருந்தாராம். பேங்க் வேலை இருக்கேன்னு இன்னொருத்தனுக்குக் கொடுத்துடப் போறாரு."

"நீ சொல்லலையா?"

"சொன்னேன். நம்பலை."

செவா எதிர்ப் பந்தலைப் பார்த்தாள். தோழி டுஃபியே அங்கிருந்து கையாட்டினாள். செவாவும் கையாட்டினாள்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. மூடுவதற்கு முன் உடன்பிறந்தவர்கள் செத்தவரிடம் கடைசியாகப் பேசுவார்கள். போய்ச் சேருகிற இடத்தில் முன்னோர்களிடம் சொல்லவேண்டிய சேதி இருந்தால் சொல்லி அனுப்புவார்கள். ஒலிபெருக்கிக்காரன் செவாவின் வாயருகே மைக்கை நீட்டினான். தங்கை ஒப்பாரி வைக்கப் போகிறாள் என்று கூட்டம் தயாரானது.

செவா அழவில்லை. கருவாடு விற்கிற குரலில் பேசினாள்.

"அண்ணே, ஒடூரோ அண்ணே, கேட்டுக்கோ. உனக்குத் துணி வெச்சிருக்கு, சோப்பு வெச்சிருக்கு, துண்டு வெச்சிருக்கு. எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணுதான் சரியில்லை. பொண்ணுக்கு வேலை கிடைச்சுதான்னு கேட்டே. கிடைச்சுதுன்னேன். பேங்க்லன்னேன். பொய் அண்ணே. நீ நிம்மதியாக் கண்ணை மூடணும்னு சொன்னேன். நீ சும்மா மூடினியா? வந்தவன் போனவன்கிட்டெல்லாம் சொல்லிட்டுல்ல மூடினே!"

எங்கோ யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"அங்க போனதும் நம்மாளுங்க எல்லாரும் சுத்தி உக்காந்து, செவா மக என்ன பண்றான்னு கேப்பாங்க. மேனேஜர்னு சொல்லித் தொலைச்சிடாதே. அவங்க மேல இருந்து பாத்துட்டுத்தான் இருக்காங்க, குடைக்கடியில ரீசார்ஜ் பண்றவளை மேனேஜர்ங்கறியான்னு உன்னைத்தான் கேவலமாப் பேசுவாங்க. என் பொண்ணுக்கு வேலை இல்லை. இன்னும் கிடைக்கலை. நீ படிக்க வெச்சதுல தப்பில்லை, அவ படிச்சதுலயும் தப்பில்லை. எங்க தப்புன்னு எனக்குத் தெரியலை, நீ போற இடத்துல தெரிஞ்சா விசாரிச்சு வை. ஏதாவது செய்ய முடிஞ்சா செய். முடியலைன்னா நல்லபடியாப் போய்ச் சேரு."

மைக்கைக் கையால் தள்ளிவிட்டு, அதன் பிறகுதான் அழுதாள். துக்கத்துக்கு அழுதாளா, வெட்கத்துக்கு அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அச்சியா எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தாங்க முடியவில்லை அவளுக்கு. தன் வாழ்நாளில் தனக்காக யாரும் இவ்வளவு பெரிய விலை கொடுத்ததில்லை என்று தெரிந்தது.

இந்தத் தடவை நம்பாதவர் ஒருவரும் இல்லை. சவப்பெட்டி முன்னால் நின்று பொய் சொல்கிற துணிச்சல் எங்கள் ஊரில் தாச்சிக்குக்கூடக் கிடையாது, அவருடைய வீரமெல்லாம் காகிதத்தோடு சரி. அவர் துணியால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் முதல் ஆளாக அந்த அத்தை வந்தாள்.

"ஏம்மா, என் மகன் பயோடேட்டா... நகல் எடுக்கற காசு வீணாப்போக வேண்டாமே."

அச்சியா தேடிக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. காலையில் துக்கத்தோடு திணித்தவர்கள் எல்லாரும் சாயங்காலம் கூச்சத்தோடு திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கிழவர் மட்டும், "உன்னோடதுல ஒண்ணு இருந்தாக் கொடு, என் பையனோடது கூடச் சேத்துக் கொடுத்துப் பாக்கறேன்" என்றார்.

வரிசையின் கடைசியில் பெடியாக்கோ நின்றார். அவருக்குத் திரும்ப வாங்க ஒன்றும் இல்லை.

"முப்பது வருஷமா இன்டர்வியூ எடுக்கறேன். இருக்கறதா பொய் சொன்னவங்களைத்தான் பாத்திருக்கேன். இல்லைங்கறதை மைக்ல சொல்லி இப்பதான் கேக்கறேன். திங்கட்கிழமை வா." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்லிடறேன். நிரந்தரம்னு போட அனுமதி இல்லை. ஆறு மாச ஒப்பந்தம். அப்புறம் கோகோ விலையும் கடவுளும் பாத்து என்ன செய்யறாங்களோ."

"போதும் சார்" என்றாள் அச்சியா. போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வேலையில் சேர்ந்தாள். விளைச்சலைக் கணித்தாள். அவள் கணக்குகள் சரியாக இருந்தன. கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, குடைகளின் வரிசையைக் கடந்து தினமும் போனாள். வேதியியல்காரன் எழுந்து நின்று சல்யூட் அடிப்பான்.

ஒரு நாள் அலுவலகம் சீக்கிரம் விட்டார்கள். அம்மாவுக்குச் சுடச்சுட, காராமணி போட்டு வேகவைத்த வாச்சே சோறு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். கருவாட்டுக் கூடைகளுக்கு அப்பால் டுஃபியே நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அச்சியா வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"ஏன் செவா, உன் பொண்ணுக்கு ஏதாவது அமைஞ்சுதா? அன்னிக்கு நீ பேசினதைக் கேட்டு எனக்குத் தூக்கமே வரலைடி."

செவா பெருமூச்சு விட்டாள். அப்படி ஒரு பெருமூச்சை அச்சியா கேட்டதில்லை.

"எங்கடி அமையுது? அலையுறா பாவம். உனக்குத் தெரிஞ்ச இடத்துல ஏதாவது இருந்தாச் சொல்லு, மறந்துடாதே."

டுஃபியே தன் கடைப் பக்கம் போனாள். அச்சியா கூடைகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கழுத்தில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா? இப்பதான் உண்மையாவே வேலை இருக்கே. நீ தலை நிமிர்ந்து சொல்லலாமே. இதுக்கும் பொய்யா?"

"குரலைத் தாழ்த்துடி." செவா சுற்றும் பார்த்தாள். "வேலை இருக்குன்னு தெரிஞ்சா யாராவது இடம் பாத்துச் சொல்வாங்களா? ஆறு மாசம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். அன்னிக்கு நான் புதுசா ஆரம்பிச்சுக் கேட்டா எவ காதுல விழும்?"

"அதுக்குன்னு டுஃபியே அக்காகிட்ட பொய் சொல்லணுமா?"

"டுஃபியே என்ன செத்தா போயிட்டா? செத்தவங்ககிட்டதான் சொல்லக் கூடாது. உயிரோட இருக்கறவங்ககிட்ட சொல்லலாம்."

அதற்குள் டுஃபியே வேகவேகமாகத் திரும்பி வருவது தெரிந்தது. "செவா! இப்பதான் ஞாபகம் வந்துச்சு, என் கொழுந்தன் வேலை பாக்கற இடத்துல ஆள் எடுக்கறாங்களாம். பொண்ணோட பயோடேட்டா ஒண்ணு இருக்குமா?"

அச்சியா கழுத்து அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். அதே கையால் ஒரு பயோடேட்டாவை எடுத்து நீட்டினாள். அன்று மதியம்தான், டைரக்டர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, அலுவலக இயந்திரத்தில் இருபது படி அச்சடித்து வைத்திருந்தாள்.